இரண்டாம் அடி

எங்கள் ஊரில் வலது கைதான் கொடுக்கிற கை. இடது கையால் ஒரு பொருளை நீட்டினால் மரியாதை கெட்டவன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அந்தப் பாழாய்ப்போன மரியாதைதான் என் புருஷன் அடாயின் கையைத் தின்றது.

குமாசியில் சட்டி மூடி அடிக்கிற பிரஸ் எங்களுடையது. அச்சிலிருந்து மூடியை இடுக்கியால்தான் எடுப்பார். அன்றைக்குச் சந்தைத் தலைவி வந்து, "எங்க, ஒண்ணக் குடு பாப்போம்" என்று கை நீட்டினாள். பெரிய மனுஷிக்கு இடுக்கியாலா நீட்டுவது? இடது கையில் தகடுகள். இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு வலது கையை அச்சுக்குள் விட்டார். ஒருமுறை மிதித்தால் ஒருமுறைதான் இறங்க வேண்டிய பிரஸ், மிதிக்காமலே இன்னொரு முறை இறங்கியது. கை மணிக்கட்டோடு போயிற்று.

மழைக்காலம் முழுக்க வீட்டை விட்டு நகரவில்லை. பிரஸ்ஸை விற்கவும் விடவில்லை. "அதோட கிளட்ச்சை நான் இல்லாம எவனும் தொடக் கூடாது" என்பார். சரி, இரண்டு பேருமாகவே பிரிப்போம் என்று பட்டறைக்கு இழுத்து வந்தேன். கிளட்ச் சரியானால் ஆளும் சரியாகிவிடுவார், பழையபடி பிரஸ் முன்னால் அந்த முக்காலியில் உட்காருவார் என்று மலைபோல நம்பினேன்.

கண் அவருடையது, கை என்னுடையது. பெரிய சக்கரத்தைக் கழற்றினோம். மிதிக்கும்போது சக்கரத்தையும் தண்டையும் பூட்டுகிற கிளட்ச் சாவி வெளியே வந்தது. தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி, முனையே இல்லை.

"பாத்தியா? சாவிய விடுவிக்கிற கொக்கியும் மழுங்கிடுச்சு. சாவிய இழுத்து விடல. அதான் மறுபடி எறங்கிருக்கு" என்றார். பிறகு அரத்தை இடது கையால் நீட்டி, "இடது கை, மன்னிச்சுக்க" என்றார்.

"அட சீ! நான் என்ன சந்தைத் தலைவியா? பொண்டாட்டிகிட்ட என்னய்யா மன்னிப்பு!"

அவர் சிரிக்கவில்லை. அடுத்த சாமானுக்கும் அதையேதான் சொன்னார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பழைய லாரியின் சக்கர அச்சிலிருந்து புதுச் சாவி வெட்டினோம். விளக்குக் கரியைப் பூசி உள்ளே வைத்து, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்து அராவினேன்.

"இந்தப் பக்கம் ஒட்டுது. இன்னும் தேய்."

"கை வலிக்குதுய்யா."

"எனக்கு இல்லாத கையே வலிக்குது. தேய்."

பக்கத்துப் பட்டறை வெல்டர் போன்சு கொக்கியின் முனையைப் பற்றவைத்துக் கொடுத்தான். "என்ன செர்வா, புருஷன உக்கார வெச்சுட்டு நீ மேஸ்திரி ஆயிட்டியா?" என்று வாயை விட்டான்.

"உன் பொண்டாட்டிய அனுப்பு. அவளுக்கும் சொல்லித் தாரேன்" என்றேன். கூலியை வாங்கிக்கொண்டு போனான்.

சாவியைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி எண்ணெயில் முக்கினோம். புது ஸ்பிரிங், புது பிரேக் பட்டை. பூட்டி முடித்து, வெறும் அச்சில் மிதித்துப் பார்த்தேன். இறங்கியது, ஏறியது, உச்சியில் நின்றது. எத்தனை முறை மிதித்தாலும் அப்படியே நின்றது.

"வாய்யா ராசா, வந்து உக்காரு!" என்று கத்தினேன்.

உட்கார்ந்தார். தகட்டை வைத்து மிதித்தார். மூடி விழுந்தது. பிரஸ் உச்சியில் நின்றது. மூடியை எடுக்க அந்த மொட்டைக் கை தானாக உள்ளே போனது. போய், அங்கேயே நின்றுவிட்டது.

"எடுய்யா! கைய எடுய்யா!"

"பயப்படாத. இனி எறங்காது" என்றார். கையை எடுக்காமலே நிமிர்ந்து, ஒரு ஆளைக் கேட்கிற மாதிரி பிரஸ்ஸைப் பார்த்துக் கேட்டார்: "இப்ப நிக்கிறியே. அன்னைக்கு நின்னிருக்கக் கூடாதா?"

அப்புறம் வாய்விட்டு அழுதார். கை போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. நான் கரண்டை அணைத்துவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பிரஸ் இன்றுவரை ஒரு தடவைகூடப் பிசகவில்லை. முக்காலியில் நான்தான் உட்காருகிறேன். அவர் இந்தப் பட்டறைத் தெருப்பக்கமே வருவதில்லை.