ஃபைன்

இசையில் ஒழுங்கு என்பது ஐரோப்பாவில் முந்நூறு வருஷத்துக்கு முந்தின பரோக் காலத்தோடு முடிந்துபோயிற்று, மிச்சமிருப்பது பாளையங்கோட்டையில் தன் வலது கையில்தான் என்று பாடகர் குழுவை நடத்தும் ஞானசிகாமணி அந்தக் கையை உயர்த்தியிருக்கிறார், சர்ச் முழுக்க அதையே பார்க்கிறது, அடுத்து என்ன செய்வதென்று கைக்குத் தெரியவில்லை, தனிப்பாட்டு அதன் நடுப்பகுதியின் அழுகை மெட்டோடு அந்தரத்தில் நின்றுவிட்டது, ஆர்கன்காரர் விரலை எடுக்காமல் காத்திருக்கிறார், ஜனங்களும் மீதிக்காகக் காத்திருக்கிறார்கள், நாலாவது பெஞ்சில் எப்சி டீச்சர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள், சிரித்திருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம்.

அவள் பாட வேண்டிய பாட்டு அது, ஒத்திகையில் இவர் ஃபியூக் என்றால் என்னவென்று குழுவுக்கு விளக்குகிறார், ஒரு குரல் சொன்னதையே அடுத்த குரல் விரட்டி வந்து சொல்லும், கல்யாண வீட்டுச் சம்பந்திமார் மாதிரி, எல்லாரும் சிரிக்கிறார்கள், அப்போதுதான் எப்சி எழுந்து, சார், இந்தத் தாள்ல நடுவுல ஃபைன்னு இருக்குல்லா, அது இங்கிலீஷ் இல்ல, இத்தாலி வார்த்தை, ஃபீனே, முடிவுன்னு அர்த்தம், கடைசியில டி.சி.ன்னா திரும்ப முதல்லேருந்து பாடி இங்க வந்து நிறுத்தணும் என்றாள், பரோக்கை முப்பது வருசமா கரைச்சுக் குடிச்சவன் நான், நீ எனக்குப் பாலாடையில ஊத்துதியோ என்றார், குழு மறுபடியும் சிரித்தது, தாளை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லை, பாட்டு வேறொருத்திக்குப் போயிற்று.

கச்சேரி முடிந்து அகராதி பார்த்தால் அவள் சொன்னதேதான் போட்டிருக்கிறது, டி.சி.யை மெட்டுப் போட்டவரின் இனிஷியல் என்று வைத்திருந்தார், அது போகட்டும், ஃபைனை எப்படி விடுவது, பத்தொன்பது வயதில் வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் முதல் பகுதியை மட்டும் கற்றுப் பாடினார், அந்தத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது தன் கையெழுத்துப் படியைக் கொடுத்துவிட்டுப் போனார், இவர் பாடி முடித்த இடத்திலேயே மசியில் ஃபைன், தன்னைத்தான் மெச்சியிருக்கிறார் என்று அந்த ஒரு சொல்லின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் இத்தனை வருஷம் கையசைத்தது.

அகராதி பார்த்த மறுநாள் எப்சி வீட்டு வாசலில் நிற்கிறார், மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார், கிறிஸ்துமஸுக்கு நீயே பாடும்மா, நீ சொன்னபடியே பாடு என்று பாதிரியார் கொடுத்த அந்த மூலப் படியையே நீட்டினார், உள்ள வாங்க சார், காப்பி குடிச்சிட்டுப் போலாம் என்று அவள் வாங்கி விரித்தபோதுதான் நினைவு வந்தது, பிடுங்கக் கை நீட்டினார், அதற்குள் படித்துவிட்டாள்.

ஃபைனுக்குக் கீழே பென்சிலில், பத்தொன்பது வயது ஞானசிகாமணியின் கையெழுத்தில், தேங்க் யூ சார் என்று எழுதியிருந்தது.