பள்ளத்துக்குத்தான் போனேன்

வள்ளத்தின் விளிம்பில் கால்களைக் கடலுக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்து, பானுப்பிரியா விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். கடலடிப் பாறையில் பாசி பறிக்கிற கைக்கு அந்தத் துணிதான் இன்னொரு தோல். நாலைந்து மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சுற்றுகிறாள். காலையில் விட்ட சொட்டுமருந்தின் கசப்பு நாக்கின் அடியில் இன்னும் போகவில்லை. மழைக்கு மறுநாள் புல் அறுத்தால் ஒரு வாசம் வருமே, அந்த வாசம். காற்று ஓய்ந்த மாசி மாதம். தீவுப் பக்கம் கடல் வாரிவிட்ட தலையைப் போலப் படிந்து கிடந்தது.

"ஏ பானு, எறங்குறியா, இல்ல வள்ளத்துக்குக் காவலா?" தண்ணீருக்குள்ளிருந்து நாகஜோதி கத்தினாள். பானுவின் அண்ணன் மனைவி. பாசி எடுக்கிற பெண்கள் ஜோடி சேர்ந்துதான் முங்குவார்கள். பானுவுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து அவள்தான் ஜோடி.

"வாரேன் மதினி. செத்த பொறு."

போன புரட்டாசியில் இதே இடத்தில்தான் ஆரம்பித்தது. என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாமல் போனது. ஒரு மீன் மோதவில்லை, ஒரு முள் குத்தவில்லை. முங்கினாள், நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். மேலே வந்தாள், தட்டுவது நிற்கவில்லை. அன்று தொடங்கியது வீடு வரைக்கும் கூடவே வந்தது. உலை கொதித்தால் தட்டும். பஸ் கதவைச் சாத்தினால் தட்டும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரக் கொஞ்சம் பிந்தினால் தெருவே கேட்கும்படி தட்டும். பிறகு அந்தச் சத்தத்துக்கும் அலுத்துப்போய், தலை வாராமல், மீன் வாசம் பிடிக்காமல், சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பெண்கள் இப்படிச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். நாம்தான் உடம்பு சரியில்லை போல என்று தாண்டிப் போகிறோம்.

கணவன் முனியசாமி தாண்டிப் போகவில்லை. மதுரைக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு மனநல டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். பாதி கேட்டது. இரண்டாம் தடவை போனபோது பக்கத்து அறைச் சித்த மருத்துவரோடும் கலந்து பேசிவிட்டு, "ஒரு எண்ணெய் இருக்கு, பாப்போமா?" என்றார். "கஞ்சாச் செடியிலேருந்து எடுக்குறது. போதை தர்ற சத்தைப் பிரிச்சுடுவாங்க. படபடப்புக்குச் சிலபேருக்குக் கேக்குது. மனச்சோர்வுக்கு எவ்வளவு கேக்கும்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. மாத்திரையை நிறுத்தாதீங்க. ரெண்டும் சேந்தா தூக்கமா அசத்தும். வண்டி ஓட்டாதீங்க, உயரத்துல ஏறாதீங்க. ஆமா, என்ன வேலை பாக்குறீங்க?"

"கூலி வேலைதான்" என்று முனியசாமி முந்திக்கொண்டான். பானுவும் தலையை ஆட்டினாள். தீவுப் பக்கம் காப்புக் கடல், அங்கே பாசி எடுத்தால் வனத்துறை பிடிக்கும். வெளியாள் யார் கேட்டாலும் கூலி வேலை என்பதுதான் கரையில் எல்லாரும் சொல்கிற பதில். டாக்டரிடமும் அதுவே வாயில் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் முனியசாமிக்கு முகம் வெளிறிவிட்டது. நம் கரையில் கஞ்சா என்றால் கரை ஒதுங்குகிற பொட்டலமும் பின்னாலேயே வருகிற போலீஸ் ஜீப்பும்தான். "எவனாவது பிடிச்சான்னா, பொண்டாட்டிக்கு மனசு சரியில்ல, அதுக்குக் கஞ்சான்னு சொல்லவா? ரெண்டு பேரையும் சேத்து ஒரே கட்டாக் கட்டிருவான் புள்ள!" என்றான். ஆனாலும் சாயல்குடிக்குக் கூரியரில் வந்த அந்தச் சின்னக் குப்பியை அவன்தான் வாங்கி வந்தான். சோதனைச் சாவடியில் யாரும் நிறுத்தாமல் தானே வண்டியை நிறுத்தி, "மருந்து சார், டாக்டர் சீட்டு இருக்கு" என்றானாம். போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டே, "இருந்துட்டுப் போகட்டும், போய்யா" என்றாராம். இதைக் கேட்டு, வெகுநாளுக்குப் பிறகு முதல்தடவையாகப் பானு சிரித்தாள்.

தட்டுகிற சத்தம் மெல்ல மெல்லத் தள்ளிப் போனது. எண்ணெயா, மாத்திரையா, கடலுக்குப் போகாமல் கிடந்த ஓய்வா, எது கேட்டது என்று அவளுக்குத் தெரியாது. தூக்கம் வந்தது. தூக்கம் வந்ததும் கடல் ஞாபகம் வந்தது. இன்று கிளம்பும்போது, முதல் நாளாயிற்றே என்று கூட இரண்டு சொட்டு விட்டுக்கொண்டாள்.

இறங்கினாள். நீர் நெஞ்சுக்கு ஏறியபோது அந்தத் தட்டலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மூச்சை இழுத்து முங்கினாள். கீழே எல்லாம் அவளுக்காகவே விட்டுவைத்தது போல இருந்தது. மரிக்கொழுந்துப் பாசி குழந்தையின் முடியைப் போலப் பாறையில் அசைந்தது. ஒரு கிளிமீன் பாறையைக் கொறிக்கிற சத்தம் கறுக் கறுக்கென்று கேட்டது. பறித்துப் பையில் போட்டாள். பிறகு பறிப்பதை மறந்து, பாறையைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். மூச்சு வேண்டும் என்று நெஞ்சு கேட்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி கேட்டது. போகலாம், என்ன அவசரம் என்று தோன்றியது. தண்ணீர் பச்சையிலிருந்து பாலாக மாறிக்கொண்டிருந்தது. அம்மா போனபிறகு இப்படித் தலைவைக்க ஒரு மடி வாய்க்கவில்லையே என்று நினைத்தாள்.

முடியைப் பற்றி யாரோ இழுத்தார்கள். வெளிச்சம் முகத்தில் அறைந்தது. இருமி இருமி உப்புத்தண்ணீரைக் கக்கியபோது, நாகஜோதி முதுகில் அடித்துக்கொண்டே அழுதாள்.

"கண்ணத் தொறந்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டுக் கெடக்கியேடி கிறுக்கச்சி! நான் ரெண்டு தடவ மேல வந்து போயிட்டேன், நீ அங்கனயே கெடக்க!"

"பயமே வரல மதினி."

"வரணும்டி! வந்தாத்தான மேல வருவ! எனக்கு ஒவ்வொரு முங்குக்கும் வருது. என்னைய என்ன பெரிய வீரின்னு நெனச்சியா?" அவளை வள்ளத்தில் ஏற்றி உட்கார வைத்தாள். "டாக்டரு ஒண்ணும் சொல்லலயா ஒனக்கு?"

"உசரத்துல ஏறாதேன்னாக. நான் பள்ளத்துக்குத்தான மதினி போனேன்."

நாகஜோதிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

சாயங்காலம் முனியசாமி போன் போட்டுக் கொடுத்தான். நடந்ததைப் பானு டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

"கடலுக்குள்ள, மூச்சைப் பிடிச்சுக்கிட்டா? ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"பயம் டாக்டரம்மா."

"எங்கிட்டயா?"

"ஃபாரஸ்ட்டுக்காரவுககிட்ட."

"எந்தப் பயத்தை எடுக்கணும், எதை விட்டுவைக்கணும்னு மருந்துக்குத் தெரியாதும்மா. நீங்க சொன்னாத்தான் எனக்கே தெரியும். அந்த எண்ணெய் உடம்புல இருக்கும்போது முங்கவே கூடாது. தூக்கம் வேணுமா, கடல் வேணுமா, யோசிச்சுட்டு நேர்ல வாங்க."

அந்த ராத்திரி முனியசாமி, "கடல விட்டுத் தள்ளு புள்ள, நீ தூங்குனாப் போதும்" என்றான். தூங்கி எழுந்து எங்கே போவது என்பதுதான் பானுவின் யோசனை. மதுரைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள், கடல்தான் வேண்டும் என்றாள். டாக்டரம்மா எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். மாத்திரை மட்டும் தொடர்ந்தது. தூக்கம் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை.

பங்குனி பிறந்து ஒருநாள் வெயில் தாழ, தங்கள் ஊர் மாரியூர்க் கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நாகஜோதியோடு போய் நின்றாள். துணி இல்லை, பை இல்லை. "இங்கன சும்மா மூஞ்சிய மட்டும் முக்கு, பாப்பம்" என்றாள் நாகஜோதி. "இதுல முங்கிச் செத்தா ஊரு சிரிக்கும்."

பானு மூச்சை இழுத்துக் குனிந்தாள். அந்தத் தட்டல் உடனே வந்துவிட்டது. தொண்டையில், விலாவில், காதுக்குள். இது புரட்டாசியில் வந்த நோயா, மேலே தூக்கிவிட வருகிற பயமா? இரண்டுக்கும் ஒரே குரல். அவள் நிமிரவில்லை, உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள்ளேயே முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். தலைக்கு மேலே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், நாகஜோதியின் கை விரிந்தபடி நின்றது. அவளைத் தொடவில்லை, விலகவும் இல்லை. ஒவ்வொரு சிற்றலைக்கும் அந்தக் கை உடைந்து உடைந்து, மறுபடி கையாகச் சேர்ந்துகொண்டிருந்தது.