வண்டியோடு டிரைவரும்

ஸ்தனிஸ்லாஸ் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து, பூவன் பழத்தோலைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். பின்சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டியை டிரைவர்கள் கிரவுன் என்பார்கள். எண்ணெய் ஊற்றுகிற சின்ன ஓட்டை வழியாகத்தான் அத்தனையும் போக வேண்டும். தோலுக்கு அப்புறம் மரத்தூள், மரத்தூளுக்கு அப்புறம் கெட்டி கிரீஸ். முழங்கை வரை பிசுபிசுவென்று வழிந்தது. பல் தேய்ந்துபோன அந்தக் கிரவுன் சித்திரையிலிருந்தே ஊளையிட்டுக்கொண்டிருந்தது. இந்த வைத்தியம் பண்ணினால் கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கும். அதற்குள் வண்டி கைமாறிவிடும்.

"போதுமா, இன்னும் ஒரு சீப்பு கொண்டாரச் சொல்லவா?" என்று குனிந்து கேட்டார் கான்ட்ராக்டர் ரெங்கராஜ்.

"போதுங்க முதலாளி. ஆனா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குங்க."

"என்னய்யா ஒரு மாதிரி? ஊர்ல எவன் செய்யல? வண்டி வித்தாத்தான் உனக்கும் வழி. வாங்கப்போற பாய்கிட்ட உன்னையும் சேத்துத்தான் பேசியிருக்கேன். அவருக்கு ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பறதுன்னே தெரியாது. நீ இல்லாம என்ன பண்ணுவாரு?"

அது என்னமோ வாஸ்தவம்தான். முதன்முதலாகக் கார் வாங்குகிறவர்கள் வண்டியோடு டிரைவரையும் சேர்த்தே எடுத்துக்கொள்வது அப்போது ஊர் வழக்கம். வண்டியின் குணம் அவனுக்குத்தானே தெரியும்! ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இருந்த ரெங்கராஜ் வீட்டுக்கு இந்த ஆஸ்டின் வந்த நாளிலிருந்து ஸ்தனிஸ்லாஸ்தான் அதற்கு டிரைவர். இப்போது புது அம்பாசடர் வரப்போகிறது. அதை மகனே ஓட்டிக்கொள்வானாம். அப்படியானால் ஸ்தனிஸ்லாஸ் எங்கே போவான்? நாற்பத்தைந்து வயசு ஆகிவிட்டது. லாரி ஓட்ட இடுப்பு இடம் கொடுக்காது. வீட்டுக் கார் ஓட்டுகிறவனை வைத்துக்கொள்வதற்கு முன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஆள் எப்படி, நம்பலாமா? அதற்குப் பழைய முதலாளி வாயிலிருந்து நல்ல வார்த்தை வர வேண்டும்.

மறுநாள் காலையில் சேக் மைதீன் ஜட்காவில் வந்து இறங்கினார். பாலக்கரையில் தோல் வியாபாரம். வெள்ளைச் சட்டை, பச்சை பெல்ட், முகம் நிறையச் சிரிப்பு. கூடவே பீமநகரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஜெகபர் அலி சைக்கிளில் வந்தான். வந்தவன் நேராக வண்டியிடம் போனான். மட்கார்டை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தான், எங்கேயாவது பூசி மறைத்திருக்கிறதா என்று. எஞ்சினை ஓட விட்டு, புகை வரும் குழாய்க்கு எதிரே வெள்ளைத் துணியைப் பிடித்தான். துணி கறுக்கவில்லை. சக்கரத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டினான்.

"எஞ்சின் தேவலை அண்ணே," என்றான் ஜெகபர் அலி. "ஓட்டிப் பாத்துடுவோம்."

ஸ்தனிஸ்லாஸ்தான் ஓட்டினான். காவேரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரம், மெயின்கார்டு கேட் என்று சுற்றி, பாலக்கரைக்குப் போய்த் திரும்பினார்கள். கிரவுன் மூச்சுக் காட்டவில்லை. கடைவீதியில் தெரிந்தவர்களைக் கண்டபோதெல்லாம் சேக் மைதீன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

"நல்லா ஓட்டுறீங்க டிரைவர். ஜட்கா மாதிரி தூக்கிப் போடாம, தாலாட்டு மாதிரில்ல இருக்கு! பிள்ளைகுட்டி எத்தனை?"

"ரெண்டு பொண்ணுங்க. பெரியவ பத்தாவது படிக்கிறா."

"படிக்க வைங்க, படிக்க வைங்க. வீட்டுல வெள்ளிக்கிழமை பிரியாணி ஆக்கினா உங்களுக்கும் ஒரு சட்டி வரும்."

இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சீக்கிரமே ஒரு நாள் வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிப்போய், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லியாவது கிரவுனை மாற்றிவிட வேண்டும் என்று ஸ்தனிஸ்லாஸ் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

திரும்பி வந்து வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினான். ரெங்கராஜ் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். சேக் மைதீன் இறங்கி, பின்பக்கத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஸ்தனிஸ்லாஸிடம் வந்து நின்றார்.

"மெக்கானிக் ஆயிரம் பாக்கட்டும். வண்டியைப் பத்தி டிரைவர் வாயால கேக்கணும்னு எங்க வாப்பா சொல்லுவாங்க. நாளைக்கு நீங்களும் நானும் ஒரே வண்டியில போறவங்க. உங்க மாதா மேல சத்தியமாச் சொல்லுங்க. இதுல ஏதாச்சும் கோளாறு இருக்கா?"

ஸ்தனிஸ்லாஸ் முதலாளியைப் பார்த்தான். வேறு யாராவது வாயைத் திறந்து இந்தப் பேச்சை மாற்ற மாட்டார்களா என்று இருந்தது. முதலாளியை வைத்துக்கொண்டு, வெளி ஆள் முன்னால், அவர் சொன்னதற்கு மாறாக அவன் ஒரு நாளும் பேசியதில்லை.

"சொல்லேன் ஸ்தனிஸ்," என்றார் ரெங்கராஜ், வெற்றிலையை மென்றபடி. "உனக்குத் தெரியாததா?"

கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றை அவன் கை தானாகத் தொட்டது. "மாதா மேல சத்தியமா ஒரு கோளாறும் இல்லீங்க."

"மாஷா அல்லாஹ்! இதுக்கு மேல என்ன வேணும்? வாங்க, உள்ள உக்காந்து பேசி முடிச்சுடுவோம்."

"கொஞ்சம் இருங்க அண்ணே." ஜெகபர் அலி வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். "பழ வாசனை அடிக்குது."

"ஸ்ரீரங்கத்துல பழ வாசனைக்கு என்னய்யா பஞ்சம்?" என்று சிரித்தார் ரெங்கராஜ்.

"வண்டிக்குள்ளேருந்து வருதுங்க. வெந்த பழ வாசனை."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தான். போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பாக எண்ணெய் கொட்டியது. அப்புறம் சொட்டியது. அப்புறம் நின்றுபோயிற்று. கம்பியை விட்டுக் குடைந்தான். நைந்து கறுத்த தோல் ஒன்று நாக்கை நீட்டினாற்போல் ஓட்டையில் தொங்கியது. அதை இழுத்து வந்து சேக் மைதீன் காலடியில் போட்டான்.

"அஸ்தஃபிருல்லா!" சேக் மைதீன் ஓரடி பின்னால் நகர்ந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வழித்தெடுத்தாற்போல் போயிற்று. "சத்தியம் பண்ணினியேய்யா... இப்பத்தானே பண்ணினே..."

ஸ்தனிஸ்லாஸ் முதலாளி பக்கம் திரும்பினான். அவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், அவர் சமாளிக்காத ஆளா என்று பார்த்தான். பளாரென்று கன்னத்தில் விழுந்தது. ஒரு கணம் என்ன நடந்தது என்றே அவனுக்குப் புரியவில்லை. காதுக்குள் ரீங்காரம் போட்டது. இத்தனை வருஷத்தில் முதலாளி அவனை 'டேய்' என்றுகூடக் கூப்பிட்டதில்லை.

"பாவி! என் வீட்டு வாசல்லயே என் மானத்தை வாங்கிட்டியேடா! மாதா மேல சத்தியம்னு சொன்னானே பாய், நானே நம்பிட்டேனே! உங்ககிட்ட வேலைக்கு ஒட்டிக்கணும்னு இந்த வேலை பாத்திருக்கான்!"

"முதலாளி..." ஸ்தனிஸ்லாஸ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "நீங்கதானேங்க பழமே வாங்கிக் கொடுத்தீங்க... நேத்து இதே இடத்துல நின்னு..."

"பாத்தீங்களா? பாத்தீங்களா? இப்ப என் மேலயே திருப்புறான்!"

ஜெகபர் அலி கையைத் துடைத்துக்கொண்டே, "டிரைவருக்கு இதுல என்ன லாபம் இருக்கு..." என்று ஆரம்பித்தான். ரெங்கராஜ் அவனைப் பார்த்தார். அவருடைய லாரிகள் மூன்று அவன் ஷெட்டுக்குத்தான் வந்து போகும். ஜெகபர் அலி குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"பாய், நீங்களாவது கேளுங்க. நெசமாச் சொல்றேன்," என்று ஸ்தனிஸ்லாஸ் கையைக் கூப்பினான்.

"மாதா மேல பொய்ச் சத்தியம் பண்ணின வாய்யா இது," என்றார் சேக் மைதீன். கோபம்கூட இல்லை, அருவருப்புத்தான் இருந்தது. "இனிமே இது எதைச் சொன்னாலும் எப்படிய்யா நம்புறது?"

ஸ்தனிஸ்லாஸ் கூப்பிய கையை இறக்கினான். சத்தியம் பண்ணியது அவன்தானே.

பெரியவர்கள் உள்ளே போனார்கள். கிரவுன் மாற்றுகிற செலவை விலையில் தள்ளிக்கொடுக்க ரெங்கராஜ் ஒத்துக்கொண்டார். பெருந்தன்மையான மனுஷர் என்று சேக் மைதீன் சொல்வது வாசல்வரை கேட்டது. வண்டி மட்டும் போதும், ஆள் வேண்டாம் என்று அவர் சொன்னதும் கேட்டது. வெளியே ஜெகபர் அலி பெட்டியைக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றினான். வடிந்த எண்ணெயைத் தகரத்தில் ஏந்திக்கொண்டு ஸ்தனிஸ்லாஸ் நின்றான். ஜெகபர் அலி அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் ரெங்கராஜ் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார். குரல் பழையபடி இறங்கியிருந்தது.

"மனசுல வச்சுக்காதே ஸ்தனிஸ். அந்த நேரத்துல வேற என்ன பண்ணச் சொல்றே?"

"சரிங்க முதலாளி. நான் எங்கயாவது வேலை தேடிக்கறேன். நல்ல டிரைவர், நம்பிக்கையானவன்னு ஒரு வார்த்தை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ரெங்கராஜ் நிஜமாகவே திகைத்துப்போனார்.

"என்னப்பா, விவரம் தெரியாமப் பேசுறே? பாய் இன்னிக்கே பாலக்கரை பூராச் சொல்லிடுவாரு. இதுக்கப்புறமும் நான் உன்னை நம்பிக்கையானவன்னு எழுதினா, என் பேரு என்ன ஆகும்?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஸ்தனிஸ்லாஸ் தகரத்தைக் கீழே வைக்கவும் மறந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். பாய் வீட்டு வேலை கிடைக்கட்டும் என்று மனைவி செல்வமேரி நேற்றே மேலப்புதூர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள். அவளிடம் போய் எதைச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

சேக் மைதீன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஜெகபர் அலி தன் சைக்கிளைச் சுவரோரம் பூட்டிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தான். வண்டி இரண்டு தரம் இருமியதோடு சரி, கிளம்பவில்லை. வாசலில் நின்ற ரெங்கராஜ் சத்தம் போட்டார்.

"என்ன ஸ்தனிஸ், மரமா நிக்கிறே? தள்ளி விடு!"

ஸ்தனிஸ்லாஸ் தகரத்தை வைத்துவிட்டுப் போய்த் தள்ளினான். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி நாலு வீடு தள்ளிப் போய் நின்றது. பின்கதவு திறந்தது. சேக் மைதீன் இறங்கித் திரும்பி, இவன் பக்கமாக நடந்து வந்தார்.

மனசு கேட்கவில்லை போலிருக்கிறது! ஸ்தனிஸ்லாஸ் அவசர அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடினான்.

சேக் மைதீன் வண்டியின் பின்பக்கத்தோடு நின்றுவிட்டார். டிக்கி மூடியின் மேல் கறுப்பெண்ணெயில் இரண்டு உள்ளங்கைகள் விரல் விரலாகப் பதிந்திருந்தன. கைக்குட்டையை எடுத்து, அந்த அடையாளம் போகும்வரை தேய்த்தார். கைக்குட்டையைச் சாக்கடையில் போட்டுவிட்டு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.