போகிக்குப் போன பனிமலை

பரிமளா வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டால் வடக்குத் தெருவில் யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. வண்டி கிளம்பப் போகிறது என்று அர்த்தம். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்த பெண்கள் வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு, ஈரக் காலோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சீரியல் இல்லை.

திரை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்திருந்தது. மேலே ஒரு சிவப்பு ஜீப்பு, கீழே ஒரு மஞ்சள் ஜீப்பு. சிவப்பை ஓட்டியவள் பரிமளா. மஞ்சளை ஓட்டியது அவள் மகள் மோகனப்ரியா, பன்னிரண்டாவது படிக்கிறவள்.

"வண்டிய ஒடி புள்ள, ஒடி! அங்கிட்டுப் பள்ளம் கெடக்கு!" என்று கத்தினாள் சின்னப்பிள்ளை. பரிமளாவின் நாத்தனார். விராலிமலை சந்தையில் பேரம் பேசிப் பழகிய குரல் அது.

"கத்தாதீங்க மதினி, பள்ளத்துல விட்டுருவேன்."

"ஜீப்புல போறது நீ. இடுப்பு ஒடியிறது எனக்கு!"

கூடம் முழுக்கச் சிரித்தது. சிவப்பு ஜீப்பு பள்ளத்தைத் தாண்டி, பனி மூடிய மலைச் சரிவில் சர்ரென்று இறங்கியது. புதுக்கோட்டைச் சீமையைத் தாண்டாத, பனியையே கண்டிராத பெண்களெல்லாம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

டி.வி.யில் மாட்டி ஆடுகிற அந்த விளையாட்டுப் பெட்டி பரிமளாவின் கணவன் நாகராசு வாங்கியது. மஸ்கட்டில் வேலை பார்க்கிறவன், முன்பு ஒரு லீவில் வந்தபோது வாங்கி, லீவு முடிகிற வரைக்கும் தெருப் பையன்களோடு ஆடித் தீர்த்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். பிறகு அது டி.வி.க்குக் கீழே தூசி அடைந்து கிடந்தது. ஒரு நாள் தூசி தட்டப் போன பரிமளா, ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். ஜீப்பு நகர்ந்தது. அவளுக்குள்ளும் ஏதோ ஒன்று நகர்ந்தது.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் மணல்மேட்டைக் கடந்தாள், காட்டுப் பாதையைக் கடந்தாள், ஆற்றுக்குள் விழுந்து விழுந்து அதையும் கடந்தாள். எல்லாச் சாலையிலும் முதலாவதாக வந்தவர்களுக்குத்தான் கடைசிச் சாலையான பனிமலை திறக்கும். அது திறந்த அன்று அவள் யாருக்கும் சொல்லாமல் கொஞ்சம் கேசரி கிண்டினாள். கணவனிடம் மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை. வெயிலில் நின்று உழைக்கிற மனிதரிடம், 'நான் ஜீப்பு ஓட்டி விளையாடுறேங்க' என்று போனில் எப்படிச் சொல்வது?

இந்தப் பொங்கலுக்கு வெட்கத்தையெல்லாம் மீறி ஒன்று நடந்துவிட்டது. இளைஞர் மன்றத்து நிலவழகன், காணும் பொங்கல் போட்டிகளில் கோலத்தோடும் உறியடியோடும் இந்த ஜீப்புப் பந்தயத்தையும் சேர்த்துவிட்டான். ஊரில் பாதிப் பையன்கள் சிறுவயதில் ஆடிய ஆட்டம் அது. பெட்டியைக் கேட்டு வந்தவனிடம் மோகனப்ரியா ஒரே போடாகப் போட்டாள்.

"செட்டு தாரோம் அண்ணே. ஆனா எங்கம்மா பேரையும் சேக்கணும். ஃபைனல் பனிமலையில நடக்கணும்."

"பனிமலையா? அத எவன் தொறந்தான்?"

"எங்கம்மா."

நிலவழகன் வாயைப் பிளந்தான். பரிமளா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு வடிக்கும்போதும் கை தானாக வளைவுகளில் திரும்பியது.

போகிக்கு முந்தின நாள் நாகராசு லீவில் வந்து சேர்ந்தான். பெட்டியெல்லாம் பிரித்து மிட்டாய், சென்ட், தைலம் என்று எல்லோருக்கும் கொடுத்தவன், ஒரு பெரிய அட்டைப்பெட்டியை மட்டும் பிரிக்காமல் மூலையில் வைத்து, துண்டைப் போட்டு மூடினான். கேட்டதற்கு, "நாளைக்குப் பாரு" என்று கண்ணடித்தான்.

மறுநாள் போகி. வீட்டை ஒழித்து வெள்ளையடிக்கிற வேலை. சாமான்களெல்லாம் வாசலில் கிடந்தன. பரிமளாவும் மகளும் சின்னப்பிள்ளையோடு பாய்களையும் போர்வைகளையும் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ராக்கனின் மூன்று சக்கர வண்டி, "பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், பழைய பேட்டரி" என்று ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது.

நாகராசு வாசலில் கிடந்ததைப் பார்த்தான். காது உடைந்த மிக்ஸி, சுற்றாத ஃபேன், அந்தப் பழைய விளையாட்டுப் பெட்டி. போகியன்று பழசைக் கழிக்காமல் பிறகு என்றைக்குக் கழிப்பது? மூன்றையும் தூக்கி ராக்கன் வண்டியில் போட்டான். பதிலுக்கு ராக்கன் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கூடையைக் கொடுத்தான். விளையாட்டு சிடிகளை மட்டும் நாகராசு எடுத்து வைத்துக்கொண்டான். புதுசில் போட்டு ஆடலாமே!

சாயங்காலம் வெள்ளையடித்த சுவரின் வாசத்தோடு துண்டை விலக்கினான். பளபளவென்று புது விளையாட்டுப் பெட்டி.

"இப்ப வந்த மாடல்டி! படமெல்லாம் நேர்ல பாக்குற மாதிரி இருக்கும்."

"அப்பா!" என்று மோகனப்ரியா குதித்தாள். பரிமளாவுக்கும் மனசு துள்ளியது. பனிமலை இதில் எப்படி இருக்கும்! சின்னப்பிள்ளை ஓடிப்போய்த் தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

புது சாமான் ஆயிற்றே, சும்மா போட முடியுமா? நாகராசு பெட்டிக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தான். டி.வி.க்கு வைத்தான். வைத்த கையோடு ஜீப்பு சிடிக்கும் மினுமினுக்கிற பக்கத்தில் அழகாக ஒரு பொட்டு வைத்து, சூடம் காட்டி, உள்ளே தள்ளினான். பெட்டி உறுமியது. திரையில் ஏதோ எழுத்து வந்து நின்றது.

"என்னப்பா சொல்லுது?" என்றாள் சின்னப்பிள்ளை.

"அத்தை, பொட்ட அழிக்கச் சொல்லுது போல," என்று மோகனப்ரியா சிரித்துக்கொண்டே சிடியை எடுத்துத் துடைத்துப் போட்டாள். அதே எழுத்து. இன்னொரு சிடியைப் போட்டாள். அதே எழுத்து. அவள் சிரிப்பு மெல்ல நின்றது. "இந்த சிடியெல்லாம் இதுல ஓடாதாம்ப்பா."

வேடிக்கை பார்க்க வந்திருந்த நிலவழகன் பெட்டியின் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "இங்க ஓரமா பொடி எழுத்துல போட்டிருக்கான் மாமா. பழைய கேம் எதுவும் இதுல ஓடாது. இதே ஜீப்பு கேம் புதுசா வந்திருக்கு. ஆனா அதுல ஒரே டி.வி.ல ரெண்டு பேரு ஆட முடியாது. ஆளுக்கொரு செட்டு, ஆளுக்கொரு நெட்டு வேணும்."

"அது எப்படிப்பா?" என்றாள் சின்னப்பிள்ளை. "புது மிக்ஸி வாங்குனா, பழைய அரிசிய அரைக்க மாட்டேன்னா சொல்லுது?"

"அப்படியில்ல பெரியம்மா. கரண்டு அடுப்புல மண்சட்டிய வச்சா சூடேறுதா? உள்ள இருக்கிற முறையே மாறிப்போச்சு. பழசையெல்லாம் காலம் பூரா சுமந்துக்கிட்டே இருக்க கம்பெனிக்காரனால முடியாது."

"கரண்டு அடுப்பு வித்தவரு, மண்சட்டி ஆகாதுன்னு வாயால சொல்லித்தான் வித்தாரு," என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பரிமளா. இத்தனை பேர் முன்னால் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "முடியாதுன்னா முடியாதுன்னு பெருசா எழுதணும் தம்பி. முடியும்னா செஞ்சு குடுக்கணும்."

சொல்லிவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். "சரி, பழைய செட்டு எங்கங்க?"

நாகராசு பச்சைக் கூடையைக் காட்டினான்.

பரிமளா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மோகனப்ரியாதான் அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். பந்தயத்தை, அம்மாவின் பெயரை, சிடி கையில் இருந்தும் பயனில்லை என்பதை. திறந்த சாலையெல்லாம் அந்தப் பழைய பெட்டியின் நினைவில்தான் இருக்கிறது. அது போனால் பனிமலையும் போயிற்று.

"ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றான் நாகராசு.

"என்னன்னு சொல்றது? நீங்க இல்லாத வருஷமெல்லாம் அதுக்குள்ளதாங்க இருக்கு."

நாகராசு சட்டையை மாட்டிக்கொண்டான். ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்தான். பரிமளா எழுந்து ஓடிவந்து பின்னால் ஏறினாள். ஏறும்போது அந்தப் பச்சைக் கூடையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

கொடும்பாளூர் ரோட்டில் ராக்கனின் தகரக் கொட்டகை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியூர் லாரி ஒன்று பின்கதவைத் திறந்து நின்றது. மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன.

"ராக்கா! காலையில நாங் குடுத்த செட்டு எங்கப்பா?"

"என்னண்ணே, காலையில வேணாம்னீங்க, சாயங்காலம் வேணுங்கிறீங்க! போர்டு இருக்குற சாமானெல்லாம் மூட்டையா கட்டியாச்சு. எந்த மூட்டைன்னு கண்டேன்?"

வெளிநாட்டு வெள்ளைச் சட்டையோடு நாகராசு லாரிக்குள் ஏறினான். ஒரு மூட்டையை அவிழ்த்தான். டி.வி. எலும்புகள். இன்னொன்றை அவிழ்த்தான். செத்த ரேடியோக்கள். டிரைவர் ஹாரனை அடித்தான். "யோவ், போகியன்னிக்கு வீட்டக் கழிப்பாங்க. நீ என் லாரியக் கழிக்கிற!"

"கொஞ்சம் பொறுங்கண்ணே," என்று கும்பிட்டபடியே பரிமளாவும் சேலையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். அவள் கைதான் முதலில் கண்டுபிடித்தது. மூட்டைக்குள் துழாவியபோது, எத்தனையோ மத்தியானங்கள் தொட்டுப் பழகிய அந்த வளைந்த மூலை விரலில் பட்டது.

"இருக்குங்க! இருக்கு!"

மூடி உடைந்திருந்தது. ஓரத்தில் விரிசல். ராக்கன் தலையைச் சொறிந்தான். "கூடையக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்கண்ணே."

பரிமளா கூடையை நீட்டினாள். ராக்கனே சிரித்துவிட்டான்.

வீட்டில் தெரு மொத்தமும் காத்திருந்தது. மோகனப்ரியா வயரைச் செருகினாள். உடைந்த மூடியைத் தன் சடை ரிப்பனால் கட்டினாள். சுவிட்சைப் போட்டாள். இருட்டு. இன்னும் இருட்டு. சின்னப்பிள்ளை விராலிமலை முருகனை வாய்விட்டே கூப்பிட்டாள். உள்ளே ஏதோ கரகரத்தது. பிறகு டண்டண்டண் என்று அந்தப் பழைய இசை!

சாலைகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்தன. கடைசியில், வெள்ளை வெளேரென்று, பனிமலை.

காணும் பொங்கல் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். பையன்கள் ஒவ்வொருவராகத் தோற்றுக் கரும்பைக் கடித்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியவர்கள் இருவர். நிலவழகன் மஞ்சள். பரிமளா சிவப்பு. ரிப்பன் கட்டிய பெட்டி இருவருக்கும் நடுவே முனகிக்கொண்டிருந்தது.

மேடையில் உட்கார்ந்ததும் பரிமளா தலையைக் குனிந்துகொண்டாள். எதிரே ஊரே இருந்தது. கோலப் போட்டியைத் தவிர எதற்கும் பெயர் கொடுக்காத ஊர்ப் பெண்கள், தரையில் முதல் வரிசையைப் பிடித்திருந்தார்கள்.

"பரிமளா! நம்ம கூடம்னு நெனச்சுக்க!" என்று சின்னப்பிள்ளை குரல் கொடுத்தாள்.

கொடி இறங்கியது. மஞ்சள் பாய்ந்துவிட்டது. முதல் வளைவிலேயே சிவப்பு சறுக்கிப் பின்தங்கியது. பையன்கள் விசிலடித்தார்கள். பரிமளா உதட்டைக் கடித்தாள். சரிவில் நெருங்கினாள். பாலத்தில் ஒட்டினாள். "இங்கிட்டு ஏறு, இங்கிட்டு!" என்று மைதானத்தில் ஒருவன் தன்னை மறந்து கத்தினான். நாகராசு! பெஞ்சு மேல் ஏறி, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஒடித்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பள்ளம். மஞ்சள் பயந்து வேகத்தைக் குறைத்தது. சிவப்பு குறைக்கவில்லை. ஜீப்பு வானத்தில் எழுந்தது. மைதானமே மூச்சைப் பிடித்தது. பனியைத் தெறிக்கவிட்டு இறங்கி, மூக்கு முனை அளவு முந்திக் கோட்டைத் தொட்டது.

பெண்கள் போட்ட குலவையில் ஸ்பீக்கர் சத்தம் அமுங்கிப் போயிற்று. சின்னப்பிள்ளை யாருடைய துண்டையோ பிடுங்கிச் சுழற்றினாள். பரிமளா ஜாய்ஸ்டிக்கை விடாமல் பிடித்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நின்றாள்.

பரிசுக் குடத்தைக் கொடுக்க நாகராசுவையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவன் மைக்கை வாங்கினான்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. போகின்னு சொல்லி இந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டவன் நாந்தான். புதுசு வாங்கிட்டு வந்தேன். வாங்கும்போது பழசு இதுல ஓடுமான்னு ஒரு கேள்வி கேக்கல. போடும்போது, இது ஒனக்கு வேணுமான்னு எம்பொண்டாட்டிகிட்ட ஒரு கேள்வி கேக்கல. இந்த ரெண்டு கேள்வியையும் நீங்களாவது கேளுங்க. வீட்டுல பழசாக் கெடக்குற எந்தச் சாமான்லயும் யாரோ ஒருத்தரோட ஒழைப்பு இருக்கும். அதத் தெரிஞ்சுக்காமக் கழிச்சா, கழிக்கிறது சாமானை இல்ல, அந்த ஆள."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தோற்ற நிலவழகன் குடத்தைத் தூக்கிக்கொண்டு பரிமளா கூடவே நடந்தான்.

"அக்கா, அந்தப் புது செட்டு கம்பெனிக்கு இன்னைக்கே நெட்டுல எழுதிப் போடுறேன். பழைய கேமும் ஓடணும்னு."

"எழுது தம்பி. புதுசு செய்ய வேணாம்னு எழுதிராத. நல்லாச் செய்யட்டும், வாங்கி ஆடுவோம்," என்றாள் பரிமளா. இப்போது அவள் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. "ஆனா, நாங்க கஷ்டப்பட்டு ஏறுன மலைக்கு அதுலயும் ஒரு வழி வைக்கச் சொல்லு. ஏறி வந்த பாதைய அடைச்சுட்டுத்தான் புது ரோடு போடணும்னா, அதுக்குப் பேரு முன்னேத்தம் இல்ல."