சாஸ்தாவுக்குச் சேர வேண்டிய முடி

சாருவுக்கு ஒரு மொட்டை பாக்கி இருந்தது. பிறந்து ஒரு வருஷத்துக்குள் அம்பாசமுத்திரம் பக்கத்துக் குலதெய்வம் சாஸ்தா கோயிலில் இறக்கியிருக்க வேண்டிய முடி. முதலில் அவள் அப்பா வாஞ்சிநாதனுக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியாயிற்று, நாட்டை விட்டு நகரக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். கார்டு கைக்கு வந்தபோது பெண் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். முடி இடுப்பைத் தொட்டது. டாலஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில் இவ்வளவு நீளப் பின்னல் தன் வகுப்பில் யாருக்கும் இருந்ததில்லை என்று டீச்சரே அதிசயப்பட்டாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், சாமி எங்கே ஓடிப்போகப் போகிறார் என்றான் வாஞ்சிநாதன். டெலிபோன் கம்பெனி இன்ஜினீயர். சாமியோடு அவனுக்குச் சண்டையும் இல்லை, பெரிய சிநேகமும் இல்லை.

எண்பத்தைந்து ஜனவரியில் சாருவுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். டாலஸ் டாக்டர் இந்த வகைக்கு ஹூஸ்டன்தான் சரி என்று அனுப்பிவைத்தார். ஹூஸ்டன் டாக்டர் எல்லாவற்றையும் நிதானமாக விளக்கிச் சொன்னபோது சாருவின் அம்மா ருக்மிணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான், அதோடு போயிருக்கும். 

ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் ஒரு தர்ம வீடு இருந்தது. சர்ச்சுக்காரர்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும் சேர்ந்து நடத்திய வீடு. வெளியூரிலிருந்து சீக்குக் குழந்தைகளைக் கொண்டுவருகிறவர்கள் அங்கே தங்கலாம். மேலே வரிசையாக ரூம்கள், கீழே எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய சமையலறை. ஃபிரிட்ஜில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தட்டு, தட்டில் பெயர் எழுதி ஒட்டிய சீட்டு. வீட்டைப் பார்த்துக்கொண்ட மிஸஸ் ஹாலிஸுக்கு வாஞ்சிநாதன் என்று எழுத வராததால் 'வாஞ்சி' என்று எழுதி ஒட்டினாள். ருக்மிணி அங்கே தங்கினாள். வாஞ்சிநாதன் வாரம் முழுக்க ரிச்சர்ட்சனில் வேலை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை ஃப்ரீவே பிடித்து ஹூஸ்டன் வந்தான்.

அந்த வீட்டில் யாரும் யாரிடமும் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. கவுன்ட், அதாவது ரத்த அணுக்களின் கணக்கு, எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். ஒருநாள் காலையில் ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு கிழிக்கப்பட்டிருக்கும். அது வீட்டுக்குப் போன குழந்தையின் சீட்டா, இல்லையா என்பது அன்றைக்கு மிஸஸ் ஹாலிஸின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ருக்மிணி வந்த சில நாட்களிலேயே இதைக் கற்றுக்கொண்டாள். மனுஷ ஜன்மம் எதைத்தான் கற்றுக்கொள்ளாது.

மருந்து ஆரம்பித்தால் கொஞ்ச நாளில் முடியெல்லாம் கொட்டிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அத்தனை கேட்ட ருக்மிணி இந்த ஒன்றைக் கேட்டுத்தான் உட்கார்ந்துவிட்டாள். சாஸ்தாவின் முடி. அது தலையணையிலும் பாத்ரூம் ஜலதாரையிலும் போவதா? அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதால்தான் இப்படி வந்து நிற்கிறார் என்று அவள் அந்த நிமிஷமே முடிவுகட்டிவிட்டாள். மருந்து ஏறுவதற்கு முன்னால் முடியை எடுத்து அவரிடம் சேர்த்துவிட்டால் கோபம் தணியும், பெண் பிழைப்பாள். அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு, அதில் யாரும் அவளை அசைத்திருக்க முடியாது.

மஞ்சள் துணிக்கு ஹூஸ்டனில் எங்கே போவது? வாஞ்சிநாதனின் வெள்ளைக் கைக்குட்டையைப் பொதுச் சமையலறையில் மஞ்சள்பொடி கரைத்து நனைத்தாள். தொட்டி மஞ்சளானது, மிஸஸ் ஹாலிஸ் தேய்த்துக் கழுவினாள். சாருவை ரூமில் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, ருக்மிணி கத்தரிக்கோலால் கொத்துக் கொத்தாக வெட்டினாள். ஒரு இழை தரையில் விழாமல் பார்த்துக்கொண்டாள். சீப்பில் இருந்ததைக்கூட எடுத்துச் சேர்த்தாள். அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

"வில் ஹீ கிவ் இட் பேக்?" என்றாள் சாரு.

"புதுசா தருவார் கண்ணா. இதைவிட நீளமா."

ரூபாய் இல்லாததால் ஒரு கால் டாலர் காசை உள்ளே வைத்து முடிந்து, ருக்மிணி அதை வாஞ்சிநாதன் கையில் கொடுத்தாள். ரிச்சர்ட்சனில் அவனோடு வேலை பார்த்த பத்மநாபன் தங்கை கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம் போகிறான். சாஸ்தா கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம். பூசாரியிடம் கொடுத்து, அர்ச்சனை பண்ணி, முடியைத் தாமிரபரணியில் விட்டுவிட வேண்டும். இதைவிடச் சுலபமாக ஒரு காரியத்தை ஒருவன் தலையில் கட்ட முடியாது.

வாஞ்சிநாதன் பத்மநாபன் வீட்டுக்குப் போனான். ஹால் நிறைய ஆட்கள். ஊருக்குப் போகிறவன் வீடென்றால் அந்த நாளில் அப்படித்தான் இருக்கும். தமிழர் ஒருத்தர் பாக்கியில்லாமல் எதையாவது தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கேமரா, டேப் ரெக்கார்டர், சாக்லேட் டின், யாரோ மாமியாருக்கு வாங்கிய பிரஷர் பார்க்கும் மிஷின். பத்மநாபன் பாத்ரூம் தராசைக் கொண்டுவந்து சூட்கேஸை எடை பார்த்துக்கொண்டு, எல்லோரையும் கேலி பண்ணிக்கொண்டிருந்தான். வாஞ்சி, நீயும் வந்துட்டியா, என்ன கொண்டு வந்திருக்கே என்று கேட்டான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாஞ்சிநாதன் ஆபீஸில் சாருவுக்கு ரத்தசோகை என்றுதான் சொல்லிவைத்திருந்தான். நம் ஜனங்களிடம் அந்த வியாதியின் பெயரைச் சொன்னால், மறுநாளிலிருந்து குழந்தையைச் செத்துப்போனவள் மாதிரிதான் பேசுவார்கள் என்று அவனுக்குப் பயம். பயம் நியாயம்தான். ஆனால் அதனால், அந்த ஹாலில், தராசுக்கு எதிரே நின்றுகொண்டு, என் பெண்ணின் முடி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கோட் பையில் முடிச்சைப் பிடித்தபடியே, ஒன்றுமில்லை, சும்மா வழியனுப்ப வந்தேன் என்றான். ஒரு டம்ளர் காபி குடித்தான். காருக்குத் திரும்பி, முடிச்சை முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் கிளவ் பாக்ஸில், மேப்புக்கு அடியில் வைத்தான். நாளைக்கு ஆபீஸில் தனியாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். நாளைக்குப் பத்மநாபன் லீவு.

வாஞ்சிநாதன் கெட்டவன் இல்லை. வெட்கப்படுகிறவன். கெட்டவனாக இருந்திருந்தால் ருக்மிணிக்கு ஒருவேளை இவ்வளவு மோசமாக முடிந்திருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"குடுத்துட்டேளா?"

"குடுத்தாச்சு."

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபின் அவனால் அதை மாற்றிச் சொல்ல முடியவில்லை. பத்மநாபன் திரும்பி வந்த வாரம், எல்லாம் நல்லபடியாக நடந்ததாம், ஆற்றில் விட்டாயிற்றாம் என்றான் வாஞ்சிநாதன். பிரசாதம் எங்கே என்று அவள் கேட்பாளே என்பதற்காக, ரிச்சர்ட்சன் வீட்டு சாமி அலமாரி டப்பாவிலிருந்து ஒரு பிடி விபூதியை எடுத்து, பேப்பரில் மடித்துக் கொண்டுவந்திருந்தான். ருக்மிணி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தினமும் குளித்துவிட்டுச் சாருவின் மொட்டைத் தலைக்குக் கீழே நெற்றியில் இட்டாள். காலியாகிவிடப் போகிறதே என்று கிள்ளிக் கிள்ளி இட்டாள்.

கேலிக்கூத்து என்னவென்றால், விபூதி வந்த கொஞ்ச நாளில் கவுன்ட் ஏறியது. ரத்தத்தில் நோயே தெரியவில்லை என்றார் டாக்டர். ருக்மிணி சமையலறையில் ஒரு அண்டா எலுமிச்சம் சாதம் கிளறி வீடு முழுவதற்கும் கொடுத்தாள். ராத்திரியில் தூங்கினாள். புருஷனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தாள். வாஞ்சிநாதனுக்கு உள்ளே கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது: பார், முடி காருக்குள் கிடக்கிறது, குழந்தை பிழைத்துவிட்டாள், மருந்து வேலை செய்கிறது. அதற்குமேல் அந்த முடிச்சை என்ன செய்வதென்று அவன் யோசிக்கவில்லை. தூக்கிப்போடவும் மனசு வரவில்லை, அது சாருவின் முடி அல்லவா.

அந்த நல்ல நாட்களில் ஒருநாள் மூன்று பேரும் கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போனார்கள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த சாரு வெயில் கண்ணாடி தேடி கிளவ் பாக்ஸைத் திறக்கப் போனாள். வாஞ்சிநாதன் பட்டென்று அவள் கையில் அடித்தான். பிறந்ததிலிருந்து அவள்மேல் அவன் கை ஓங்கியதில்லை. பின்னால் இருந்த ருக்மிணி என்னன்னா இது என்று பதறினாள். உள்ளே முக்கியமான பேப்பர் இருக்கிறது என்றான். சாரு அழவில்லை. ஊசி குத்திக் குத்தி அழுவதை அந்தக் குழந்தை விட்டிருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு கடல் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோடையில் நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை மருந்துக்கு அது அசைந்துகொடுக்கவில்லை. வாஞ்சிநாதன், சாமியோடு பெரிய சிநேகம் இல்லாத அந்த வாஞ்சிநாதன், இப்போது பைத்தியம் மாதிரி ஊருக்குப் போகிறவர்களைத் தேடினான். பக்கத்து ஊரான இர்விங்கில் விசாரித்தான், சர்ச்சுக்குப் போகிற தேவதாஸிடம்கூட விசாரித்தான். கோடை லீவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் போயாகிவிட்டது, இனி ஆகஸ்டில்தான் ஆள் உண்டு என்றார்கள். ருக்மிணியோ சாஸ்தாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவருக்குரியதைக் கொடுத்துவிட்டோம், இனி அவர் பாடு, விடமாட்டார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போனான்.

சாரு ஆகஸ்டுவரை இருக்கவில்லை. ஜுரம் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விட்டாள்.

காரியமெல்லாம் ஹூஸ்டனிலேயே முடிந்தது. ரூமைக் காலி பண்ண வேண்டும். அந்த வீட்டின் வழக்கம், போகிறவர்கள் படுக்கை விரிப்பைத் துவைத்து, தரையைச் சுத்தம் பண்ணி, அடுத்தவர்களுக்குத் தயாராக விட்டுப்போவது. நீங்கள் எதையும் தொட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள் மிஸஸ் ஹாலிஸ். ருக்மிணி கேட்கவில்லை. கீழே ஹாலில் அடுத்த குடும்பம் பெட்டிகளோடு காத்திருந்தது. வாஞ்சிநாதன் சூட்கேஸைக் காரில் வைத்துவிட்டு மேலே வந்தபோது, வாக்வம் கிளீனர் பிளந்து கிடந்தது. ருக்மிணி அதன் தூசிப் பையைக் கிழித்துத் தரையில் கொட்டி, முழங்காலிட்டு விரலால் துழாவிக்கொண்டிருந்தாள். தூசிக்குள் முடிகள் இருந்தன. வெள்ளைக்காரக் குழந்தைகளின் மஞ்சள் முடி, யாரோ ஒருத்தியின் செம்பட்டை, சுருட்டை. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

"ஒரு இழைகூட வெச்சுக்கலையேன்னா," என்றாள், தலையைத் தூக்காமல். "சீப்புல இருந்ததையும் சேர்த்துன்னா குடுத்துட்டேன். ஒண்ணே ஒண்ணு வெச்சிண்டிருக்கலாம். சாஸ்தா கோச்சிண்டிருப்பாரா?"

வாஞ்சிநாதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முடிச்சு கீழே காரில் இருக்கிறது. கொடுத்தால், நேர்த்திக்கடன் சேரவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். குழந்தையைக் கொன்றது இவன்தான் என்று சாகும்வரை நம்புவாள். கொடுக்காவிட்டால் அவள் ஆயுசுக்கும் இப்படித் தூசியில் தேடிக்கொண்டிருப்பாள். வாயை மூடிக்கொள்வது அவனுக்குப் பழகிய வேலை. இந்தத் தடவையும் மூடிக்கொண்டு போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் இன்னொரு முடியை வெளிச்சத்தில் தூக்கினாள். அவன் கீழே இறங்கிப் போனான்.

முடிச்சின் மஞ்சள் வெளுத்துப்போயிருந்தது. அவன் அதை அவள் மடியில் வைத்தான். ருக்மிணிக்கு முதலில் என்னவென்று புரியவில்லை. பிறகு அவிழ்த்தாள். கால் டாலர் காசு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. முடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். கொடுத்தது சரிதான் என்று வாஞ்சிநாதன் ஒரு நிமிஷம் நினைத்தான்.

அழுகை அடங்கியதும் அவள் நிமிர்ந்தாள்.

"எங்க இருந்தது?"

"கார்ல."

"எப்போலேர்ந்து?"

"அப்போலேர்ந்தே. நான் குடுக்கவே இல்லை, ருக்கு."

அவள் அவனைப் பார்த்தாள். டாக்டர் சொன்ன அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"அப்போ அந்த விபூதி?"

"நம்மாத்து டப்பாவுலேர்ந்து எடுத்தது."

ருக்மிணி முடியை மறுபடி துணியில் வைத்தாள். தரையில் கிடந்த தூசியை எல்லாம் கையால் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"இதை நான் வெச்சுக்கறேன்," என்றாள். "உங்களை என்ன பண்றதுன்னுதான் தெரியலை."

கீழே மிஸஸ் ஹாலிஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாஞ்சிநாதன் சாவியைக் கொடுத்தான். சமையலறையைத் தாண்டும்போது ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தது. அடுத்த குடும்பத்துப் பெண்மணி பால் வைத்துக்கொண்டிருந்தாள், தட்டில் புதுச் சீட்டு.

ருக்மிணி காரில் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஃப்ரீவே நெடுக அவள் திட்டுவாள் என்று வாஞ்சிநாதன் காத்திருந்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது.  ஹண்ட்ஸ்வில் தாண்டி பெட்ரோல் போட நிறுத்தியபோது, குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்கத் திரும்பினான். அவள் மடியில் துணியை விரித்து, முடியை மூன்று கொத்தாகப் பிரித்து, குனிந்து பின்னிக்கொண்டிருந்தாள். நுனி நிற்காமல் அவிழ்ந்துபோயிற்று. மறுபடி முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.