ஐ லவ் யூ, இப்படிக்கு கிளப் செயலாளர்

பட்டாபிராமன் கண்டிப்பான மனிதர். செங்கல்பட்டு ஏரிப் பக்கம் இருந்த மனமகிழ் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். ஊரில் அதை கிளப் என்பார்கள். சீட்டு மேஜையில் யாராவது சத்தம் போட்டால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான், கப்சிப். அப்பேர்ப்பட்டவர் இரண்டாயிரமாவது வருஷம் மே மாதத்தில் ஒரு நாள் காலை, கிளப் உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும், நீதிபதி வீட்டு அம்மாள் உட்பட, 'ஐ லவ் யூ' என்று மெயில் அனுப்பிவிட்டார்.

அனுப்பியது அவரில்லை, வைரஸ். அதை யாரிடம் போய்ச் சொல்வது? மானம் கப்பலேறிவிட்டது. கிளப் விருந்தாளிகளுக்கு அறை கொடுக்கும் மாமல்லபுரத்துச் சின்ன லாட்ஜ்காரர்களுக்கும் அது போய், அவர்கள் ஆசையாகத் திறந்து பார்க்க, அங்கேயும் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன.

அந்த லாட்ஜ்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிற பார்த்திபன் மதியமே பஸ் பிடித்து கிளப்புக்கு வந்துவிட்டான். மெயிலோடு ஏதாவது ஃபைல் ஒட்டிக்கொண்டு வந்தால் திறக்காதீர்கள், அனுப்பியவருக்கு முதலில் போன் போட்டுக் கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன் அவன். கிளப் கம்ப்யூட்டரில் இருந்த விழாப் படங்கள் எல்லாம் வைரஸ் வாயில் போயே போய்விட்டன.

"நீங்க எல்லாத்தயும் சந்தேகப்படற ஆளாச்சே சார். இத எப்டி தொறந்தீங்க?"

பட்டாபிராமன் திரையைக் காட்டினார். அனுப்பியவர் பெயர் கோதை என்றிருந்தது.

கோதை அவருடைய ஒரே பெண். நாலு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த உலகநாதனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். பையன் வேறு ஜாதி. கட்டிக்கொள், ஆனால் லெட்டர் கிட்டர் எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார் இவர். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவள், அப்படியே செய்தாள். அதற்கப்புறம் ஒரு வரி கிடையாது. ஆனால் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு முதலில் ஓடுவது மனைவி ருக்மிணி இல்லை, இவர்தான்.

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அந்த மூன்று வார்த்தைகளைப் பார்த்ததும் மனிதர் கூசிப்போனார். அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்கிற பேச்சா இது? கான்வென்டில் படித்தவள், தமிழில் எழுத வெட்கப்பட்டு இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே கை அதைத் திறந்துவிட்டது.

"அப்போ அவ எழுதலை" என்றார்.

"இல்ல சார். அவங்க மிஷின்ல பூந்துகினு, அட்ரஸ் புக்ல கீற எல்லார்க்கும் அதுவே அனுப்பிச்சிருக்குது."

பட்டாபிராமன் நிமிர்ந்தார். அவளுடைய அட்ரஸ் புக்கில் கிளப்பின் மெயில் முகவரி எப்படி வந்தது, அதுவும் வைரஸ் வேலையா என்று கேட்டார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மெயில்கூடப் போய்வந்ததில்லை என்றும் சொன்னார்.

"நீங்க அவங்களுக்கு மெயில் போட்டதில்ல, அவங்களும் போட்டதில்ல. அப்ப அவங்களேதான் சார் டைப் பண்ணி வச்சிருக்கணும்."

கிளப் ஆண்டு மலரின் பின்னட்டையில் செயலாளர் பெயரோடு அந்த முகவரி இருந்தது. எங்கே பார்த்தாளோ! எழுத்து எழுத்தாக அடித்து வைத்துக்கொண்டு, எழுதாமலே இருந்திருக்கிறாள். "அடி அசடே" என்று வாய்விட்டே சொன்னார். அவளைப் பார்க்க வேண்டும், இப்பவே பார்க்க வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் கமிட்டி கூடி அவரை வெளுத்து வாங்கியது. கண்டவன் கையிலும் போய்விட்ட முகவரி இனி வேண்டாம், காலையில் மூடிவிட்டுப் புதிது வாங்குவது என்று முடிவு. வேறு நாளாக இருந்தால் அதை முதலில் சொல்லியிருக்கக்கூடியவரே அவர்தான். கிளப்புக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் என்றைக்காவது மனசு இளகி அவள் எழுதினால் அது யாரிடம் போய்ச் சேரும்? ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எல்லோரும் போனபின் பார்த்திபன் சுத்தம் செய்து வைத்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மூடுவதற்குள் அவளுக்குத் தானே எழுதிவிடுவது என்று தீர்மானம். பார்த்திபன் தலையைச் சொறிந்தான். உலகமே பயந்து கிடக்கிறது, இந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் அவள் திறக்காமலே அழித்துவிடுவாள் என்றான். போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை.

"தலைப்ப மட்டுந்தான் சார் படிப்பாங்க. வைரஸுக்கு எழுத வராததா எதனா போடுங்க."

பட்டாபிராமன் தலைப்புக் கட்டத்தில் ஒற்றை விரலால், இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தேடித் தேடி அடித்தார்.

'கோதை, இது வைரஸ் இல்லை. அப்பா. ஆத்துக்கு வா.'

கீழே எதுவும் எழுதவில்லையா என்று பார்த்திபன் கேட்டான்.

"போறும்பா" என்றார். "அனுப்பு."