பதினாலாம் எண் பை

எங்கள் குடியிருப்பில் முதல் தேதியிலிருந்து குப்பைக்குச் சட்டம் வந்துவிட்டது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பை, அதன்மேல் வீட்டு எண் எழுதிய சீட்டு. காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி, மக்குவது தனி, டயப்பர் மாதிரி சங்கதிகள் தனி. மூன்று தடவை தப்பு நடந்தால் லாரி குப்பையை எடுக்காது. நாற்பது வீட்டுக் குப்பையையும் நாங்களே கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். இரண்டு தப்பு ஏற்கெனவே ஆகிவிட்டது.

நல்ல சட்டம்தான். வேறு எந்த மாதத்தில் வந்திருந்தாலும் நானே கைதட்டியிருப்பேன். பதினாலாம் எண்ணில் நான் ஒண்டிக்கட்டை என்றுதான் ஊருக்குத் தெரியும். புதன்கிழமை என் தங்கை ஆறு மாதக் குழந்தையோடு வந்து நின்றாள். கணவன் இரண்டாவது முறையாகக் கைநீட்டியிருந்தான். "எங்க போனாலும் தேடி வந்து பாப்பாவத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று வேறு சொல்லியிருந்தான். அவன் போன் செய்து கேட்டபோது, இங்கே வரவே இல்லை என்று சாதித்துவிட்டேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். பாப்பா அழுதால் டிவி சத்தத்தைக் கூட்டினேன். எல்லாவற்றையும் மறைத்துவிடலாம், ஒரு நாளைக்கு ஆறு டயப்பரை எங்கே மறைப்பது?

வியாழக்கிழமை அவற்றைப் பொட்டலமாகக் கட்டி, நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைகளுக்கும் அதே சட்டமாம். முதலாளி கூடையைக் கிளறிவிட்டு, "கண்ணாடி துடைக்கிற துணி இவ்ளோ தடிமனா எப்பம்மா வந்துச்சு?" என்றார். மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டதால் கிண்டலா கோபமா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்துக்குப் போனால் அங்கே தொட்டியையே காணோம். நாலு தெரு சுற்றினேன். போகிற வருகிற எல்லோரும் என் பையையே பார்க்கிற மாதிரி இருந்தது. கடைசியில் பொட்டலத்தோடு வீட்டுக்கே திரும்பி, தங்கைமேல் வள்ளென்று விழுந்தேன்.

"அக்கா, நான் வேணா வேற எங்கயாவது போயிடறேன்."

"எங்க போவே? சும்மா கெட. வாசப்பக்கம் மட்டும் எட்டிப் பாக்காதே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவரும் இதத்தான் சொல்லுவாரு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் திரையை நான் விலக்கவில்லை.

சனிக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுருட்டி, காகிதத்துக்கான பைக்குள் நடுவில் செருகிக் கீழே வைத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பேப்பர்தான். பெரிய கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவன்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்க்கா. நல்லா இருக்கீங்களா?"

"வாங்க" என்று வாய் சொன்னதே தவிர, வழியை விட்டுக் கால் நகரவில்லை. அவன் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அவ இங்க இல்லையா?"

"அதான் போன்லயே சொன்னேனே."

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார் பூதக்கண்ணாடி. எங்கள் சங்கச் செயலாளர். அவர் குப்பையைப் பார்க்கிற பார்வைக்கு நான் வைத்த பெயர் அது. ஒரு கையில் நோட்டு, மறு கையில் என் பை. பின்னால் எதிர்வீட்டு டீச்சர், மேல்மாடி டிரைவர் என்று ஏழெட்டுப் பேர், எல்லார் முகத்திலும் கடுகடுப்பு.

"பதினாலு! பேப்பர் பையில ஈரம். மூணாவது தப்பு உங்களோடது. லாரி எடுக்காமலே போயிடுச்சு." பையைப் பிரித்தே காட்டிவிட்டார். "உங்க வீட்ல ஏதும்மா குழந்தை?"

அவன் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். "நகருங்கக்கா" என்று கதவில் கை வைத்தான்.

உள்ளறைக் கதவு திறந்தது. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கை வந்தாள்.

"உள்ள போடி" என்று பல்லைக் கடித்தேன். அவள் காதில் வாங்கவே இல்லை. என்னைத் தாண்டி, அவனையும் தாண்டி, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"அக்கா மேல தப்பில்ல சார். என்னை ஒளிச்சு வைக்கத்தான் இப்படிப் பண்ணிட்டாங்க. இவரு என்னை அடிச்சாரு. பாப்பாவத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு மிரட்டுறாரு. இனிமே நான் இங்கதான் இருக்கப்போறேன்."

குரல் நடுங்கியது. ஆனால் பாதியில் நிறுத்தவில்லை.

"இது குடும்ப விஷயம். நீங்கல்லாம் போங்க" என்றான் அவன். யாரும் போகவில்லை. டிரைவர் இரண்டு படி ஏறி அவள் பக்கத்தில் நின்றார். டீச்சர் கைப்பேசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பூதக்கண்ணாடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தார். பதினாலாம் எண்ணுக்கு எதிரே, ஆட்கள் ஒன்று என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் நீட்டிய பேனாவை வாங்க நான் கை நீட்டினேன், தங்கை முந்திக்கொண்டாள். ஒன்றை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினாள். பக்கத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். நாலு நாளாக அவளைக் காப்பாற்றுகிறேன் என்று பூட்டி வைத்திருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பாப்பாவக் குடு" என்று அவன் கையை நீட்டினான்.

செயலாளர் நோட்டோடு குறுக்கே வந்து நின்றார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், நீங்க எந்த வீடு?"

செயலாளரே நோட்டில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இந்த நோட்ல உங்க பேரு இல்லையே. அப்ப இறங்குங்க. வழிய மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க. நாங்க இந்தக் குப்பைய இன்னைக்கே பிரிச்சாகணும்."